தொடக்கக் கோட்டில் இரண்டு எலுமிச்சம்பழம்

நான் தோற்றுப்போன இடங்கள் இந்த உலகத்தில் இரண்டுதான். ஒன்று, அஞ்செட்டிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. இன்னொன்று, ஓசூருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் விமான ஓடுபாதையில், அத்தனை கூட்டம் பார்க்க, ஒலிபெருக்கி அறிவிப்போடு. முதலாவது வாத்தியாருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டாவது பாகலூர் டீக்கடை வரைக்கும் தெரியும். மற்றவர்கள் கூட்டிச் சொல்கிறார்கள் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். (ஒலிபெருக்கியில் சொன்னது உண்மை. தீயணைப்பு வண்டி வந்தது என்பது பொய்.)

என்னைப் பற்றிக் கொஞ்சமாகச் சொன்னால் எனக்குத் திருப்தி வராது. ஆனாலும் சுருக்கிச் சொல்கிறேன். சிப்காட்டில் ஒரு பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவன் நான். இன்றைக்கு என் சொந்த ஷெட்டில் மூன்று லேத், இரண்டு சிஎன்சி மெஷின் ஓடுகின்றன. லேத் ஓடும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே, உள்ளே இருப்பவன் எவ்வளவு ஆழம் வெட்டுகிறான் என்று சொல்லிவிடுவேன். நான் கடைந்து கொடுத்த சாமான் ஒன்றுகூட கம்பெனியிலிருந்து திரும்பி வந்ததில்லை. (ஒரு தடவை வந்தது. அது அவர்கள் வரைபடத்தின் தப்பு.)

இந்த வளர்ச்சிக்கு என் உழைப்பு பாதி காரணம். மீதிப் பாதி எலுமிச்சம்பழம். முதல் லேத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, லாரிச் சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்து நசுக்கித்தான் கிளப்பினேன். அந்த லேத் இன்றும் ஓடுகிறது. அதற்குப் பிறகு மொபெட், வேன், ஜெனரேட்டர் எதுவும் பழம் நசுங்காமல் என் வாசலைத் தாண்டியதில்லை. சிஎன்சி மெஷினைப் பொருத்த வந்த இன்ஜினீயர், "இதுக்குத்தான் சக்கரமே இல்லையே சார்?" என்றார். பழத்தை மெஷின் காலடியில் வைத்துச் சுத்தியலால் நசுக்கிக் காட்டினேன். அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தான் சைத்ரா.

ஆனேக்கல் பக்கத்துப் பெண், கன்னடக்காரி. என் மகன் பிரகாஷ் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிற இடத்தில் பழக்கமாகி, இரண்டு வீடும் சம்மதித்து நடந்த கல்யாணம். என்னை 'மாவா' என்றுதான் கூப்பிடுவாள், கன்னடத்தில் மாமாவுக்கு அதுதான். வந்த மாதமே என்னிடம் ஒன்று கேட்டாள். பீரோ கேட்பாள், ஏசி கேட்பாள் என்று நினைத்திருந்தேன். "மாவா, பின்னாடி ஷெட்டுல பழைய டிரம்மெல்லாம் கெடக்குதே, அந்த எடம் எனக்குக் குடுக்கறீங்களா?" என்றாள்.

கொடுத்தேன். அங்கே ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். டிராக் ரேஸ் ஓட்டப் போகிறாளாம். அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். இரண்டு கார் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பி நேர் கோட்டில் கால் மைல், அதாவது நானூற்றிரண்டு மீட்டர் ஓடும். முடிந்தது.

"அவ்ளோதானா? ஒரு வளைவுகூட இல்லியா?"

"இல்ல மாவா. நேரா போறதுதான் கஷ்டம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்தில் அந்தச் சிரிப்பு போய்விட்டது. நான் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிறவன். இவள் நூறில் ஒரு பங்கு வினாடிக்குச் சண்டை போட்டாள். பின் சீட் போனது. ஏசி போனது. ஸ்டெப்னி, ஹாரன், கதவுக்குள் இருக்கிற கண்ணாடி ஏற்றும் மோட்டார் எல்லாம் போனது. கழற்றிய ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நோட்டில் எழுதினாள். கடைசியில் வேகம் கூட வேண்டும் என்று வெளிக் கண்ணாடிகளையும் வைப்பரையும் கழற்றி, முன்பக்கச் சந்துகளை எல்லாம் டேப் போட்டு அடைத்தாள். "நூத்தம்பதுக்கு மேல காத்துதான் மாவா செவுரு" என்றாள். நாற்பது வருஷம் இரும்பைக் கடைந்தவனுக்குக் காற்று செவுரு என்று சொல்லிக் கொடுக்க ஒருத்தி வர வேண்டியிருந்தது.

அவள் வரைந்து கொடுத்தபடி கப்பி, ஹப், புஷ் என்று பதினோரு சாமான் நான் கடைந்து கொடுத்தேன். ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே மாட்டினாள். பெரிய பெரிய கம்பெனி இன்ஸ்பெக்டர்கள் ஓ.கே. போட்டபோதுகூட எனக்கு அவ்வளவு பெருமை வந்ததில்லை.

அப்போதுதான் கிளம்பும் வித்தை பற்றிச் சொன்னாள். காரின் பலம் முழுக்க முன் சக்கரம் இரண்டில்தான் இறங்குகிறது. கிளம்பும்போது பாரம் பின்னால் சாயும். முன் டயர் பிடியை விட்டால் அந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டு நிற்கும். முதல் அறுபது அடியில் கோட்டைவிட்டால் மிச்சத்தில் பிடிக்க முடியாது.

"அதுக்குத்தான் கோட்டுகிட்ட போறதுக்கு முன்னாடி டயர சுத்தவிட்டுப் புகை வர்ற வரைக்கும் சூடு பண்றது. சூடாச்சுன்னா ரோட்ட அப்டியே கடிக்கும். ஆனா நடுவுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் போச்சு. அர்த்த ஆய்த்தா மாவா?"

"இரும்போடயே பொறந்தவன் நான். எனக்கா புரியாது?" என்றேன்.

(இந்தப் பதிலைத்தான் இன்றைக்கும் வீட்டில் எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள்.)

ஒரு முறை காரின் எடையைப் பார்த்தவள் தராசையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் கையைவிட்டு, நான் டேப் சுற்றி ஒட்டி வைத்திருந்த பித்தளைப் பிள்ளையாரை வெளியே எடுத்தாள்.

"மாவா, இவரு யாரு வெச்சது?"

"சாமிம்மா. சாமிக்கு என்னா எடை இருக்கப்போவுது?"

"ஒன்னே முக்கால் கிலோ."

கோபப்படவில்லை. பிள்ளையாரைத் துடைத்து என் மேஜைமேல் வைத்தாள். ஒரு ஸ்டிக்கர் பிள்ளையாரை வாங்கி வந்து ஸ்டியரிங் நடுவில் ஒட்டினாள். "இவருக்கு ரெண்டு கிராம். என்கூடவே வரட்டும்" என்றாள். என் மனைவி ராஜம்மா அன்றைக்கே மருமகள் கட்சிக்குப் போய்விட்டாள்.

இதில் விளையாட்டு இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. சைத்ராவுக்கு பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்கான கடிதம் வந்திருந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி சேர வேண்டும். அதே சமயம், மூன்று ரேஸ் கார் வைத்திருக்கும் பெங்களூர்க்காரர் ஒருவர் சொல்லியிருந்தார்: "உங்கள் கார் பன்னிரண்டு வினாடிக்குள் கால் மைலைத் தாண்டட்டும். என் மூன்று காரையும் உங்களிடமே விடுகிறேன்." மூன்று கார் வந்தால் பின் ஷெட் ஒரு பட்டறை ஆகிவிடும். வராவிட்டால் கம்ப்யூட்டர். அதுவரை அவளுடைய நல்ல நேரம் பன்னிரண்டரை. இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு பானெட்டை மூடியவள், அதன்மேல் வைத்த கையை வெகுநேரம் எடுக்கவில்லை.

சரி, போட்டி நாளுக்கு வருவோம்.

நான் ஒரு வேன் நிறைய ஆள் திரட்டியிருந்தேன். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முனிரத்தினம், அவர் வீட்டார், எங்கள் பட்டறைச் சங்கத்து ஆட்கள். "என் மருமவ வண்டி எப்பிடிப் பறக்குதுன்னு வந்து பாருங்கய்யா" என்று நானே போய்ப் போய்க் கூப்பிட்டேன். காலையில் முதலில் கோயிலுக்குப் போய் காருக்குப் பூஜை போட்டுவிட்டு ஓடுபாதைக்குப் போவது என்று ஏற்பாடு. டிரெய்லரில் காரை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வழியில் சானமாவு காட்டருகே வனத்துறைக்காரர்கள் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். யானைக் கூட்டம் ரோட்டோரம் நிற்கிறதாம். ஒன்றரை மணி நேரம். யானை போன பாடில்லை. பதிவு செய்யும் நேரம் முடிந்துவிடும் என்று சைத்ரா வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

"பூஜை?" என்றேன்.

"சாமி ஸ்டியரிங்லயே இருக்காரு மாவா."

பூஜை நின்றுபோனது. பூஜைக்கு எடுத்து வைத்த எலுமிச்சம்பழம் இரண்டு மட்டும் பையிலிருந்து என் சட்டைப் பாக்கெட்டுக்கு வந்துவிட்டன.

ஓடுபாதையில் எல்லோருக்கும் இரண்டு ஓட்டம். கையில் பட்டை கட்டியவர்கள் மட்டும்தான் கோடு வரைக்கும் போகலாம். எனக்கும் ஒன்று கட்டிவிட்டாள் சைத்ரா. "மாவா, நான் கோட்டுகிட்ட வந்து நின்னதும் முன் கண்ணாடியத் தொடைச்சுட்டு அந்தாண்ட போயிடுங்க. வேற ஒன்னும் பேடா, வேணாம். டயர்ல கைவைக்காதீங்க." சரி என்றேன். வாக்குக் கொடுத்தால் மாறாதவன் நான். டயரில் கை வைக்கவும் இல்லை.

எங்கள் முறை வந்தது. டயரைச் சுற்றவிட்டாள். வெள்ளைப் புகை எழும்பியது. ரப்பர் வாசனை. வேன் கூட்டம் விசில் அடித்தது. கார் ஊர்ந்து வந்து கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. நான் துணியோடு போனேன். கண்ணாடியைத் துடைத்தேன். விளக்குப் போடும் அதிகாரி பக்கத்து காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள் இருந்த சைத்ராவுக்குக் கீழே தெரியாது. விழுந்த துணியை எடுப்பதுபோலக் குனிந்தேன்.

இந்த இடத்தில் என் அறிவை நீங்கள் கவனிக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் கைக்கு வந்த சக்கரத்தில் வைத்திருப்பார்கள். பின் சக்கரத்தில் வைத்திருந்தால்கூட ஒன்றும் ஆகியிருக்காது. நான் தொழில் தெரிந்தவன். இழுக்கிற சக்கரம் முன் சக்கரம் என்று தெரிந்து, சரியாக அந்த இரண்டுக்கும் எதிரில் ஆளுக்கொன்றாக வைத்தேன்.

பிறகு காருக்குப் பின்னால் போய்க் கை கூப்பி நின்றேன்.

கார் ஒரு சாண் முன்னே ஊர்ந்தது. பழம் இரண்டும் 'பொத்' என்று நசுங்கின. என் மனம் குளிர்ந்தது. மஞ்சள் விளக்கு. பச்சை விளக்கு.

பக்கத்து கார் போய்விட்டது. எங்கள் கார் அதே இடத்தில் நின்று அலறியது. இடது சக்கரமும் வலது சக்கரமும் சாற்றில் சுற்றின. மூக்கு ஒரு பக்கம் கோணிக்கொண்டு, இரண்டு தடத்துக்கும் நடுவிலிருந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டப் போனது. நல்ல வேளை, அவள் காலைத் தூக்கி நேராக்கினாள். அதற்குள் நசுங்கிய தோலும் கொட்டையும் சாறும் காருக்கு அடியில் பீரங்கிக் குண்டு மாதிரி பின்னால் பறந்து வந்தன. பின்னால் யார் நின்றது? கை கூப்பிக்கொண்டு நான்தான். ஒரு தோல் நெற்றியில் திருநீறு இருந்த இடத்தில் ஒட்டியது. என் மூக்குக் கண்ணாடி முழுக்கக் கொட்டை. வெள்ளைச் சட்டையில் வகிடு எடுத்த மாதிரி மஞ்சள் கோடு.

கார் போய்ச் சேர்ந்தபோது பலகையில் பதினைந்து வினாடிக்கு மேல் காட்டியது. ஒரு நல்ல மொபெட் கொஞ்சம் முயற்சி செய்தால் பக்கத்தில் வந்துவிடும்.

ஒலிபெருக்கியில் அறிவித்தவர் முதலில் கன்னடத்தில் சொன்னார், பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு இரண்டிலும் ஒரே ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது: "லெமன்." கொஞ்ச நேரம் யாரும் நம்பவில்லை. திரும்பவும் சொன்னார். அப்புறம் ஓடுபாதை முழுக்கச் சிரித்தது.

வேலிக்கு அந்தாண்டிருந்து முனிரத்தினம் கத்தினார். அவர் வீட்டில் தெலுங்கு, வம்புக்கு மட்டும் தமிழ். "ஏமய்யா! கார் பறக்கும்னு கூட்டியாந்த, ஜூஸ் கடை தொறந்து வெச்சிருக்கிற?"

ராஜம்மா சிரிக்கவில்லை. "பைல ரெண்டு பழம் கொறையுதேன்னு அப்பவே பார்த்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

அதிகாரி வந்தார். எங்கள் தடத்தில் டயர் பிடிப்பதற்காகத் தெளித்திருந்த பசை மருந்தெல்லாம் பாழ். எங்கள் அணியின் இரண்டாவது ஓட்டத்தை ரத்து செய்கிறேன் என்றார். போட்டியைப் பார்க்க வந்திருந்த அந்தப் பெங்களூர்க்காரர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியைத் தேடுவது எனக்குத் தெரிந்தது. மூன்று காரும் அவரோடு போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெற்றியில் இருந்த தோலைக்கூட எடுக்கத் தோன்றவில்லை.

சைத்ரா ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். என்னைப் பார்த்தாள். என் நெற்றியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. அதிகாரியிடம் போய், "தப்பு எங்கது சார். தடத்த நாங்களே சுத்தமா பண்ணிக் குடுக்கறோம். எல்லாரும் ஓட்டினப்புறம் கடைசியா வுடுங்க. அப்பவும் வேணாம்னா வேணாம்" என்றாள். பொய் சொல்லவில்லை. காரணம் சொல்லவில்லை. என் பக்கம் விரலும் நீட்டவில்லை. அதிகாரி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பெங்களூர்க்காரரும் சாவியைத் திரும்பப் பாக்கெட்டில் போட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேன் கூட்டம் பார்க்க வந்த உண்மையான காட்சி. சங்கத்தின் முன்னாள் தலைவர், மூன்று லேத் முதலாளி ஆகிய நான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டி போட்டு, தார் ரோட்டிலிருந்து எலுமிச்சங்கொட்டையைத் தகட்டால் சுரண்டினேன். பிரகாஷ் ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தான். முனிரத்தினம் வேலியைத் தாண்டி வந்து, "தள்ளுய்யா" என்று என் பக்கத்தில் முட்டி போட்டார். (அதுவரை அவரைப் பற்றி எனக்கிருந்த அபிப்பிராயத்தில் பாதியை மாற்றிக்கொண்டேன்.)

சைத்ரா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பாழாய்ப்போன ஓட்டத்தின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நானாக இருந்தால் அந்தப் பக்கத்தையே அழித்திருப்பேன். அவள் பிரகாஷைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"இங்க பாரு. வழுக்கினப்ப காலத் தூக்கி திரும்ப மெதுவா அழுத்தினேன்ல? இந்த எடத்துல என்ஜின் சுத்து எவ்ளோ கம்மியா இருக்குது பாரு. ஆனா அதுலதான் டயர் கடிச்சு இழுத்திருக்குது. இத்தன நாளா நான் ஜாஸ்தி சுத்துல கிளப்பிட்டிருந்தேன்."

கிளம்பும் சுற்றைக் குறைத்தாள். முன்னால் புது டயர் மாட்டினாள். அதில் காற்றை இரண்டு புள்ளி இறக்கினாள். என்ஜின் மேல் ஐஸ் மூட்டையைப் போட்டுக் குளிரவைத்தாள். அவளுடைய வாழ்க்கையையே நான் வழுக்கவைத்திருக்கிறேன், அவள் அந்த வழுக்கலிலிருந்து கணக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள். நாற்பது வருஷத்தில் எத்தனையோ கைகாரர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டுப்போன சாமானைத் தூக்கிப் போடாமல், ஏன் கெட்டது என்று உட்கார்ந்து பார்த்த ஆள் அபூர்வம். நான் அதில் சேர்த்தி இல்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

கடைசி ஓட்டம். என் கைப்பட்டையை ராஜம்மா அறுத்துவிட்டாள். வேலிக்கு அந்தாண்ட, கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். பாக்கெட்டை முனிரத்தினம் இரண்டு தடவை தடவிப் பார்த்தார்.

புகை. ஊர்தல். மஞ்சள். பச்சை.

இந்தத் தடவை அலறல் இல்லை. சப்தமே கம்மி. பின்பக்கம் லேசாக அமுங்கியது, யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரி கார் அந்த இடத்தைவிட்டுப் போய்விட்டது. நான் கடைந்த ஹப் இரண்டும் அதற்குள் சுற்றுகின்றன என்று நினைத்துக்கொண்டேன். கியர் மாறும் சத்தம் ஒன்று, இரண்டு, மூன்று. கடைசிக் கோட்டைத் தாண்டும்போது கார் ஒரு புள்ளி.

பலகையில் விழுந்தது: பதினொன்று புள்ளி ஒன்பது நான்கு. வேகம் நூற்றுத் தொண்ணூற்றொன்று.

எனக்கு எண் படிக்கத் தெரியும், ஆனாலும் முனிரத்தினத்தைப் படிக்கச் சொன்னேன். அவரும் அதையேதான் படித்தார். பிறகு நாங்கள் இரண்டு பேரும் செய்த ஆட்டத்தை இங்கே எழுதப் போவதில்லை.

பெங்களூர்க்காரர் நேராக சைத்ராவிடம் வந்தார். "நேரத்துக்காக மட்டும் என் காரைக் கொடுக்கவில்லை. அந்தக் குப்பையான ஓட்டத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் விடை கண்டுபிடித்தீர்கள், அதற்காகக் கொடுக்கிறேன்" என்று கன்னடத்தில் சொன்னார். அப்புறம் என் சட்டையைப் பார்த்தார். "இவர் யார்?"

நான் தரையைப் பார்த்தேன்.

"எங்க மாவா. இந்தக் கார்ல பதினோரு பார்ட் அவரு கையால கடைஞ்சது. ஒன்னுகூட நான் திருப்பிக் குடுத்ததில்ல" என்றாள் சைத்ரா.

அவ்வளவுதான் சொன்னாள். பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் தாங்கவில்லை. "பழம் வெச்சதும் நான்தாங்க" என்று நானே சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது.

கம்ப்யூட்டர் கம்பெனிக்கு அவள் போகவில்லை. பின் ஷெட்டில் இப்போது ஐந்து கார் நிற்கிறது, நான் டிரம் வைக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறேன். பட்டறை திறந்த அன்று எல்லோரும் குத்துவிளக்குப் பக்கம் நிற்க, சைத்ரா மட்டும் வாசலில் என்னை மறித்துக் கையை நீட்டினாள். "மாவா, பாக்கெட்." ஒரே ஒரு பழம்தான் இருந்தது. வாங்கிக்கொண்டு உள்ளே போனவள், உப்பும் சர்க்கரையும் போட்டு ஒரு டம்ளரில் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எந்த வண்டியைக் கிளப்பினாலும் முதலில் என் பாக்கெட்டைத்தான் பார்க்கிறார்கள். நான் பஸ் ஏறும்போதுகூட ராஜம்மா பார்க்கிறாள்.

நான் மட்டும் இன்றைக்கும் ஒன்று சொல்லுவேன். பழம் வைக்காவிட்டால் வழுக்கியிருக்காது. வழுக்காவிட்டால் அவள் அந்தச் சுற்றைக் கண்டுபிடித்திருக்க மாட்டாள். இதைச் சொன்னால் "சும்னிரி மாவா" என்கிறாள் சைத்ரா. சும்மா இருங்கள் என்று அர்த்தம், மரியாதையோடு.

அடுத்த போட்டிக்கு வந்த விதிமுறைத் தாளில் ஒரு புது விதி சேர்ந்திருந்தது. தொடக்கக் கோட்டில் எலுமிச்சம்பழம், தேங்காய், பூசணிக்காய் முதலிய எதையும் வைக்கக் கூடாது. மூன்று மொழியில் அச்சடித்திருந்தார்கள். தேங்காயும் பூசணிக்காயும் நான் வைக்கவே இல்லை. அடுத்து என்ன செய்வேன் என்று அவர்களாகவே யோசித்திருக்கிறார்கள். அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு என் மேஜைக்கு மேலே, பித்தளைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். எத்தனை இன்ஜினீயர்கள் வந்தாலும் சரி, ஐந்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றவனால் வந்த அந்த விதிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வண்டியைக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.